உட்பகையின் கணக்கு: படைத்தலைமையைப் பாவனை மாதிரிகளில் சோதிப்பது

1984 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகம் ஒன்றுக்கு ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். தன் முன்னாள் கணவர் கடற்படையில் இருந்த காலத்திலிருந்தே சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொல்லிவருகிறார் என்றார். விசாரிக்கப் போன அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. குடிப்பழக்கம் உள்ளவர், கசந்து பிரிந்தவர், பழிவாங்கப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார். மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அறிக்கை கோப்புக்குள் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து அது மறுபடி புரட்டப்பட்டு, உரிய அலுவலகத்துக்குப் போன பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. 1985 மே 20 அன்று ஜான் வாக்கர் கைதானார்.

வாக்கர் பெரிய பதவிக்காரர் அல்லர். வாரண்ட் அதிகாரி. நார்ஃபோக் நகரில், அட்லாண்டிக் நீர்மூழ்கிப் படையின் தலைமையகத்தில் செய்தித்தொடர்புப் பிரிவில் முறைப்பணி பார்த்தவர். 1967இன் இறுதியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானாகவே நடந்து போய் விலை பேசினார். அவர் விற்றது சங்கேத எந்திரங்களின் விசைப் பட்டியல்கள். ஓய்வுபெறுவதற்கு முன்பே நண்பர் ஜெர்ரி விட்வொர்த்தைச் சேர்த்துக்கொண்டார். பிறகு அண்ணனையும் மகனையும் இழுத்துப்போட்டார். 1976இல் அவர் பணியைவிட்டுப் போன பிறகும் கசிவு நிற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1968 ஜனவரியில் அமெரிக்க உளவுக் கப்பலான பியூப்லோவை வட கொரியா பிடித்தது. கப்பலில் இருந்த சங்கேத எந்திரங்களும் கைமாறின. விசைப் பட்டியல் இல்லாமல் எந்திரம் மட்டும் கிடைத்து எதிரிக்குப் பயன் இல்லை என்பது அன்றைய பாதுகாப்புக் கணக்கு. அந்தக் கணக்கு தவறும் அல்ல. ஆனால் விசைகள் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தன. தனித்தனியே பார்த்தால் சமாளிக்கக்கூடிய இரண்டு இழப்புகள் ஒன்றுசேர்ந்ததும் கடற்படையின் பேச்சே எதிரியின் காதில் விழுந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் சுமார் 17 ஆண்டுகள் எப்படித் தப்பினார் என்ற கேள்விக்கு வழக்கமான விடை அவருடைய குணத்தைப் பற்றியது: பணத்தாசை, தந்திரம், துணிச்சல். கடந்த 40 ஆண்டுகளில் வேறொரு விடைதேடும் முறை வளர்ந்திருக்கிறது. ஆளை விட்டுவிட்டு, அவரைச் சூழ்ந்திருந்த கட்டளை அமைப்பைக் கணக்காக எழுதி, கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது அது. துரோகியைப் பிடித்துத் தருவதில் இந்தப் பாவனை மாதிரிகள் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஆனால் கெட்ட செய்தி மேலே ஏறும் பாதையில் எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைக் காட்டுவதில் அவற்றுக்கு இணை இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

மேசைமீது தொடங்கிய போர்

போரைப் போலச் செய்து பார்க்கும் வழக்கம் பழையது. ஆனால் தலைமையைச் சோதிக்கும் கருவியாக அது மாறியது 1824இல், பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தி அமைத்தபோது. அதன் சிறப்பு வரைபடத்திலோ சிவப்பு, நீலக் கட்டைகளிலோ இல்லை, நடுவரில் இருந்தது. ஆடுபவர் கட்டையைத் தானே நகர்த்த முடியாது. கட்டளையை எழுதித்தர வேண்டும். தூதுவன் குதிரையில் போய்ச்சேரும் நேரத்தைக் கணக்கிட்டு நடுவர் அதை நடைமுறைப்படுத்துவார். எதிரியின் படை எங்கே இருக்கிறது என்பதையும் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தால்தான் காட்டுவார். தலைமை என்பது முழுதும் தெரிந்து ஆணையிடுவதல்ல, தாமதமாகவும் அரைகுறையாகவும் வரும் செய்தியை வைத்து முடிவெடுப்பது என்பது அந்த மேசையில் புலனானது.

பின்னால் வந்த கணித மாதிரிகள் இதைச் சற்று மறந்தன. 1916இல் ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர் எழுதிய சமன்பாடுகளில் இரண்டு படைகளின் எண்ணிக்கையும் சுடும் திறனும் உண்டு, கட்டளையிடுபவர் இல்லை. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வு மையத்தில் ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி, ஒவ்வொரு வீரனையும் தனித்தனி முகவராக வைத்து, தன் கண்ணுக்குத் தெரிவதைக்கொண்டு முடிவெடுக்கவிடும் மாதிரிகளைக் கட்டினார். படைக்குள் இருப்பவர்கள் வேறுபட்டவர்கள், ஒரே ஆணைக்கு வெவ்வேறு விதமாக நடப்பார்கள் என்பதை எழுத அங்கே இடம் கிடைத்தது. எனினும் எல்லாரும் ஒரே பக்கம் என்ற எண்ணம் மாறவில்லை.

பொய் சொல்லும் தளபதி

ஒரே பக்கத்தில் பொய்யரும் இருக்கலாம் என்பதைக் கணக்காக முதலில் எழுதியவர்கள் படைத்துறையினர் அல்லர், கணினி அறிவியலாளர்கள். லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவர் 1982இல் வெளியிட்ட பைசாந்தியத் தளபதிகள் சிக்கல் அது. விமானத்தை இயக்கும் கணினிகளில் ஒன்று பழுதாகி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தகவலை அனுப்பினால் மற்றவை என்ன செய்யும் என்பதே அவர்களுடைய உண்மையான கவலை. அதை ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகளின் கதையாகச் சொன்னார்கள்.

மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். தலைமைத் தளபதி ஒருவர், துணைத் தளபதிகள் இருவர். தலைமை இருவருக்கும் தூது அனுப்புகிறது. துணைவர்கள் தமக்கு வந்ததைத் தமக்குள் சொல்லி ஒத்துப்பார்க்கிறார்கள். இரண்டாம் துணைவருக்குத் தலைமையிடமிருந்து “தாக்கு” என்று செய்தி வருகிறது. முதல் துணைவரோ தனக்குப் “பின்வாங்கு” என்று வந்ததாகச் சொல்கிறார். யார் பொய்யர்? தலைமையே ஆளுக்கொரு செய்தி அனுப்பியிருக்கலாம். தலைமை நேர்மையாக இருந்து, துணைவர் புளுகியிருக்கலாம். இரண்டு நிலையிலும் இரண்டாமவர் காதில் விழும் சொற்கள் ஒன்றேதான். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரித்தறிய வழியில்லை. நான்காவதாக ஒருவர் வந்தால் பெரும்பான்மை பார்த்து முடிவெடுக்கலாம். பொதுவாகச் சொன்னால், ஒரு துரோகியைத் தாங்க 4 பேர் வேண்டும், இருவரைத் தாங்க 7 பேர், மூவருக்கு 10. யாராலும் மாற்றமுடியாத கையொப்பம் செய்தியில் இருந்தால் இந்த வரம்பு தளர்ந்துவிடுகிறது.

படைத்தலைமைக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. விசுவாசத்தைச் சோதித்துப் பார்ப்பதைவிட, ஒரே செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வந்துசேரும்படி அமைப்பதும், யார் என்ன சொன்னார் என்பதை அழியாமல் பதிவதும் அதிகப் பலன் தரும். ஆளை நம்பலாமா என்ற கேள்வியை, எத்தனை பேர் பொய் சொல்லும்வரை அமைப்பு நிற்கும் என்ற கேள்வியாக இந்த மாதிரி மாற்றிவைத்தது.

ஆனால் அதன் துரோகி ஒரே வகைத் துரோகி. அவன் தவறான செய்தி அனுப்புகிறான். வாக்கர் அப்படி எதுவும் செய்யவில்லை. செய்திகளைச் சரியாக அனுப்பினார், பணியை ஒழுங்காக முடித்தார், நற்சான்று வாங்கினார். கூடவே பட்டியல்களைச் சிறிய மினாக்ஸ் கேமராவால் படம் எடுத்துக்கொண்டார். எஃப்.பி.ஐ.யிலேயே இருந்துகொண்டு 1979 முதல் 2001 வரை விட்டுவிட்டு மாஸ்கோவுக்கு வேலை பார்த்த ராபர்ட் ஹான்சனும் இதே வகை. அமைப்புக்குள் ஊடுருவியவர் யார் என்று ஆராயும் பணியே ஒரு கட்டத்தில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட இருந்தே குழி பறிப்பவன், பறிக்கும்வரை நல்ல ஊழியன்தான். அவனைப் பார்க்க வேறொரு கணக்கு வேண்டும்.

நம்பிக்கை ஒரு பொறியாகும்போது

அந்தக் கணக்கு, 1950களில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய அமைப்பு இயங்கியலிலிருந்து வந்தது. சரக்கு இருப்பு, ஆணை, தாமதம் ஆகியவை ஒன்றையொன்று தூண்டும் சுற்றுகளை அவர் சமன்பாடுகளாக எழுதினார். 2000களின் தொடக்கத்தில் சில ஆய்வாளர்கள் இதே முறையை உட்பகைக்குப் பயன்படுத்தினார்கள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் இதில் முன்னின்றது.

இந்த மாதிரிகளின் நடுவில் இருப்பவை மூன்று சுற்றுகள். முதலாவது நம்பிக்கைப் பொறி. நிர்வாகம் ஊழியரை நம்புகிறது. நம்புவதால் தணிக்கையைக் குறைக்கிறது. குறைத்ததால் தவறு எதுவும் அகப்படுவதில்லை. அகப்படாததால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது. இரண்டாவது கண்டறிதலின் பொறி. பிடிபடும் தவறுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆபத்தின் அளவை மதிப்பிடுகிறார்கள். தேடாதபோது எண்ணிக்கை குறைகிறது. குறைந்த எண்ணிக்கையைக் காட்டித் தேடலுக்கான பணமும் குறைக்கப்படுகிறது. மூன்றாவது துணிவேறுதல். சிறிய விதிமீறல் யார் கண்ணிலும் படாமல் போனால் அடுத்தது பெரிதாகிறது.

மூன்றும் சேர்ந்து சுழலும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. மேலிடத்துக்கு வரும் அறிக்கைகளில் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும் காலமும், உள்ளே ஆபத்து மிக வேகமாக வளரும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் எந்தத் தளபதியும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வரைகோடாக ஓடவிட்டு, நம்பிக்கைக் கோடும் ஆபத்துக் கோடும் சேர்ந்தே ஏறுவதைப் பார்க்கும்போது, தன் மேசைக்கு வரும் எண்களை அவர் சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஹான்சனின் வழக்கை இந்தக் கண்ணோடு படித்தால் வியப்பு குறையும். 1990இல் அவருடைய மைத்துனர், அவரும் எஃப்.பி.ஐ. அதிகாரிதான், கணக்கில் வராத பணம் ஹான்சன் வீட்டில் இருக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 25 ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட ஹான்சனைப் பொய்யறியும் சோதனைக்கு உட்படுத்தவில்லை. வேட்டை தொடங்கியபோதும் அது சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவர் பின்னால்தான் போனது, அவர் நிரபராதி. கடைசியில் முன்னாள் சோவியத் உளவு அதிகாரி ஒருவரிடமிருந்து 70 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கோப்பை வாங்கினார்கள். அதில் ஒலிநாடா ஒன்று இருந்தது. சந்தேகப்பட்டவரின் குரலை எதிர்பார்த்துப் போட்டுக் கேட்டவர்களுக்குத் தங்கள் சக அதிகாரியின் குரல் கேட்டது. மைத்துனர் வாய்திறந்ததிலிருந்து கைதுவரை ஏறத்தாழ 11 ஆண்டுகள். மாதிரியில் அது “தாமதம்” என்று பெயரிட்ட ஒரே ஒரு எண்.

17 பேரும் 68 துண்டுகளும்

படைத்தலைமையை எப்படி அமைப்பது என்ற ஆய்வில் எலிசிட் என்ற சோதனைக்களம் பரவலாகப் பயன்பட்டது. அதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கட்டளை, கட்டுப்பாட்டு ஆய்வுத் திட்டம் உருவாக்கியது. 17 பேர், ஒரு கற்பனைத் தாக்குதலைப் பற்றிய 68 தகவல் துண்டுகள், ஒருவருக்கு 4 துண்டுகள். யார், எதை, எங்கே, எப்போது தாக்கப்போகிறார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வகை அமைப்பில் 4 குழுக்கள், குழுவுக்கு ஒரு தலைவரும் மூன்று உறுப்பினர்களும், எல்லாருக்கும் மேலே ஒரு ஒருங்கிணைப்பாளர். இன்னொரு வகையில் படிநிலையே கிடையாது. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். பின்னாளில் மனிதர்களுக்குப் பதிலாக மென்பொருள் முகவர்களை வைத்தும் இதை ஓட்டினார்கள்.

இந்த அமைப்பில் ஒருவரை வாக்கராக மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். வேலையை ஒழுங்காகச் செய்வார், பார்த்ததை மட்டும் நகலெடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். தடையற்ற அமைப்பில் யார் கருங்காலியானாலும் 68 துண்டுகளும் போய்விடும். படிநிலை அமைப்பில் தகவல் குழுவுக்குள்ளும் மேலேயும் மட்டும் நகர்ந்தால், குழுவில் இருக்கும் 16 பேரில் ஒருவரால் 16 துண்டுகளைத்தான் கொண்டுபோக முடியும், ஒருங்கிணைப்பாளரால் 68. 17 பேருக்கும் சராசரி பார்த்தால் 19 துண்டுகள். இழப்பு மூன்றரை மடங்கு குறைகிறது. ஆனால் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் வேலையும் அந்த ஒருவர் தலையில் விழுகிறது. அவர் தவறினால் எல்லாரும் தவறுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நபரை நான் சேர்க்கவில்லை: 17 பேருடைய கணினிகளையும் பழுதுபார்ப்பவர். பதவி வரைபடத்தில் அவர் அடியில் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். தகவல் வரைபடத்தில் அவர் ஒருங்கிணைப்பாளருக்குச் சமம். உண்மை வழக்குகளை வரிசையாக வைத்தால் இந்த இடம் திரும்பத்திரும்ப வருகிறது. வாக்கர் செய்தித்தொடர்புப் பணியாளர். 2010இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை வெளியே கொண்டுபோன செல்சியா மேனிங் கீழ்நிலைப் பகுப்பாய்வாளர். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் ஒப்பந்த நிறுவனத்தின் கணினி நிர்வாகி. 2023இல் கைதான ஜாக் டெஷேரா 21 வயது வான்படைத் தேசியக் காவலர், தகவல் தொழில்நுட்பப் பணியாளர். இவர்களுடைய நோக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை; காசுக்கு விற்றவரையும் மனச்சான்றைச் சொன்னவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இருந்த இடம் மட்டும் ஒன்று. பாவனை மாதிரியின் உண்மையான பயன் இங்கே தெரிகிறது: குணத்தை ஊகிக்கச் சொல்லாமல், எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எவ்வளவு போகும் என்று அது எண்ணிக் காட்டுகிறது.

டெஷேரா வழக்கில் தாமதமும் அப்படியே திரும்பியது. அவர் தன் வேலைக்குத் தொடர்பில்லாத ரகசியங்களைப் படித்துக் குறிப்பெடுப்பதை மேலதிகாரிகள் 2022 செப்டம்பரிலேயே கவனித்திருந்தார்கள். கண்டித்தார்கள், குறிப்பு எழுதினார்கள். பாதுகாப்புப் பிரிவுக்கு முறையாகப் போக வேண்டிய தகவல் போகவில்லை. வான்படையின் விசாரணைக்குப் பிறகு 15 பேர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

சந்தேகத்தின் விலை

ஒவ்வொருவரையும் கணினியே கண்காணிக்கட்டும் என்பதே 2010க்குப் பிறகு பல படைகள் எடுத்த முடிவு. அமெரிக்காவில் 2011 அக்டோபரில் அதிபர் ஆணையின்படி உட்பகைத் தடுப்புக்கென்று தேசியப் பணிக்குழுவே அமைந்தது. இங்கே எண்கள் சற்றுக் கொடுமையானவை. ஒரு லட்சம் பேரில் 10 பேர் துரோகிகள் என்று வைப்போம். கருவி துரோகிகளில் 100க்கு 99 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நிரபராதிகளில் 100க்கு ஒருவரை மட்டும் தவறாகச் சுட்டுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தேகப் பட்டியலில் வருபவர்கள் சுமார் 1,010 பேர். அவர்களில் 1,000 பேர் குற்றமற்றவர்கள்.

இத்தகைய கருவிகளின் பயிற்சிக்குப் பயன்படும் தரவிலும் இதே கோளாறு ஒளிந்திருக்கிறது. உண்மையான ஊழியர்களின் நடவடிக்கைப் பதிவுகளை அமைப்புகள் பொதுவாக வெளியே தருவதில்லை. அதனால் செர்ட் மையம் ஒரு கற்பனை நிறுவனத்தையே பாவனையாக இயக்கி, உள்நுழைவு, மின்னஞ்சல், கோப்பு நகல் எனப் போலித் தரவு தயாரித்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. மிகவும் கையாளப்படும் ஒரு பதிப்பில் 1,000 ஊழியர்கள், அவர்களில் 70 பேர் துரோகிகள். நூற்றுக்கு ஏழு! இன்னொரு பதிப்பில் 4,000 பேருக்கு 5 பேர். முதல் பதிப்பில் பழகிய கருவி ஆய்வுக்கட்டுரையில் அசத்தும். தலைமையகத்தில் அப்பாவிகளை அள்ளிக்கொண்டு வரும்.

சந்தேகத்துக்கு விலை உண்டு என்பதற்குக் கணினி தேவையில்லை, ஜேம்ஸ் ஆங்கிள்டனின் கதை போதும். 1954 முதல் 1974 வரை சி.ஐ.ஏ.யின் எதிர் உளவுப் பிரிவுக்குத் தலைவர். அவர் நெருங்கிய நண்பராக நம்பிய பிரிட்டன் அதிகாரி கிம் ஃபில்பி 1963இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். சூடுபட்ட பூனையானார் ஆங்கிள்டன். சோவியத்திலிருந்து தப்பிவந்த ஒருவரின் பேச்சை நம்பி, சி.ஐ.ஏ.க்குள் ஓர் உளவாளி இருப்பதாகப் பல ஆண்டுகள் தேடினார். 1964இல் வந்த யூரி நொசென்கோ என்ற இன்னொரு சோவியத் அதிகாரி மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அடைத்துவைக்கப்பட்டார். நேர்மையான அதிகாரிகள் பலரின் வேலை போனது. பின்னாளில் அவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டப் பிரிவே தேவைப்பட்டது. தேடிய ஆள் கிடைக்கவே இல்லை.

அமைப்பு இயங்கியல் மாதிரியில் இதற்கும் ஒரு சுற்று வரைய வேண்டும். கண்காணிப்பு கூடினால் மனக்கசப்பு கூடும். கசந்தவர்கள் சக ஊழியரைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அவர்களில் ஓரிருவர் எதிரியாகவும் மாறலாம். வாக்கரைப் பற்றி முதலில் சொன்னது எந்திரம் அல்ல. ஹான்சனின் பணத்தைப் பார்த்ததும் எந்திரம் அல்ல. மனிதர்கள் பேசுவதை நிறுத்திவிடும் அமைப்பு, எத்தனை கருவிகளை வாங்கினாலும் தன் சிறந்த கருவியை இழந்துவிட்டது.

கேள்வித்தாள் யார் கையில்?

எந்த மாதிரிக்கும் இறுதி ஆபத்து அதை நடத்துபவரிடமிருந்து வருகிறது. 2002இல் அமெரிக்கா சுமார் 25 கோடி டாலர் செலவில், 13,500 பேரைக்கொண்டு மில்லினியம் சேலஞ்ச் என்ற பெரும் போர்ப் பயிற்சியை நடத்தியது. பாதி களத்தில், பாதி கணினியில். எதிரி அணிக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர் வானொலியைத் தவிர்த்து மோட்டார் சைக்கிள் தூதர்களை அனுப்பினார். திடீர்த் தாக்குதலில் 16 போர்க்கப்பல்கள் கணினிக் கடலில் மூழ்கின. நடத்தியவர்கள் கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, எதிரி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். வான் ரைப்பர் விலகிக்கொண்டார்.

உட்பகை மாதிரிகளில் இந்த வளைப்பு இன்னும் நுட்பமாக நடக்கிறது. பணம் கொடுப்பது தலைமையகம். கேள்வி கேட்பதும் அதுவே. ஆகவே மாதிரிக்குள் கடன்பட்ட சிப்பாய் இருப்பான், பதவி உயர்வு மறுக்கப்பட்ட எழுத்தர் இருப்பார், கோபக்காரக் கணினிப் பணியாளர் இருப்பார். கெட்ட செய்தி கொண்டுவந்தவரைக் கடிந்துகொண்ட தளபதி இருக்க மாட்டார். அவர் மாதிரிக்கு வெளியே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹான்சன், டெஷேரா வழக்குகளிலோ கசிவு தொடங்கிய நாளைவிட, தகவல் ஒருவர் மேசையில் தேங்கிய நாட்களே சேதத்தைப் பெருக்கின. அந்தத் தேக்கத்தைத் தீர்மானிப்பது கேட்கும் பொறுமை, ஒப்புக்கொள்ளும் துணிவு, தன் பிரிவின் பெயர் கெடுமே என்ற பயம் போன்றவை. இவை தலைமையின் குணங்கள். இவற்றுக்கும் எண் கொடுத்து, கூட்டிக் குறைத்து, விளைவைப் பார்க்க முடியும்.

எனவே ஒரு படை இத்தகைய மாதிரியை வாங்கும்போது, அது எத்தனை துரோகிகளைப் பிடிக்கும் என்று கேட்பது இரண்டாம் கேள்வி. வாங்கும் தளபதியும் அதற்குள் ஒரு மாறியாக எழுதப்பட்டிருக்கிறாரா என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் அந்த மாதிரி, கீழே இருப்பவர்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் ஏற்கெனவே நினைத்ததைத்தான் படமாக வரைந்து காட்டும்.